மைனஸ் 18 வருகிறது: மேப்பிள் பாணி (சிரப்) காய்ச்சும் பாத்திரங்களை வடிப்பதா, சூடாக வைத்திருப்பதா?

லானார்க்_காணி (வியாழன் இரவு)

வணக்கம் எல்லோருக்கும்.

ஒன்ராறியோ லானார்க் கவுண்டியில், பேர்த் ஊருக்குக் கொஞ்சம் மேற்கே, சிறிய மேப்பிள் காடு ஒன்று வைத்திருக்கிறேன். மரத்தில் துளையிட்டு வடியும் சாறைக் காய்ச்சிப் பாணி எடுக்கிறேன். வேலை ஒட்டாவாவில். வெள்ளி பின்னேரம் போய் ஞாயிறு இரவு திரும்புவதுதான் வழக்கம். இந்தக் கிழமை சாறு கொட்டோ கொட்டென்று கொட்டியதால் லீவு போட்டுவிட்டு இங்கேயே நிற்கிறேன்.

120 துளை. விறகு அடுப்பு. அதன் மேல் 2 அடிக்கு 6 அடி எவாப்பரேட்டர், அதாவது சாறை வற்றவைக்கும் இரண்டு பாத்திரங்கள். பின் பாத்திரம் 4 அடி நீளம், ட்ராப் ஃப்ளூ வகை (அடியில் ஃப்ளூ எனும் ஒடுக்கமான வாய்க்கால்கள் அடுப்புக்குள் தொங்கும்), வெல்டிங் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். முன் பாத்திரம் 2 அடி. அது காணியோடு சேர்ந்து வந்த பழைய சாமான். அதன் மூலைகளில் ஈயப்பற்று மாதிரி ஏதோ சாம்பல் நிறத்தில் தெரிகிறது.

இன்று பின்னேரம் வரை காய்ச்சினேன். இப்போது பின் பாத்திரத்தில் ஃப்ளூக்களையும் சேர்த்து ஏறக்குறைய 80 லீற்றர் நிற்கிறது, முன் பாத்திரத்தில் 20. முன்னுக்கு நிற்பது பாதிக்கு மேல் பாணியாகிவிட்ட சாறு, நல்ல இனிப்பு. எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தால் பதினைந்து லீற்றர் பாணிக்குக் கிட்ட வரும். ஊற்றிவிட மனம் வராது.

வானிலை இதுதான்: நாளை இரவு மைனஸ் 9. சனி முதல் திங்கள் வரை இரவில் மைனஸ் 18, பகலிலும் மைனஸ் 6க்கு மேல் ஏறாது. புதன்தான் பிளஸ் 4. ஞாயிறு இரவு நான் கிளம்பியே ஆக வேண்டும்.

பக்கத்துக் காணிக்காரர், நல்ல அனுபவசாலி, "அடுப்பு நிறைய விறகை அடுக்கிவிட்டுப் போ, ஒன்றும் ஆகாது" என்கிறார். அவர் தன் பாணி காய்ச்சும் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர், இரவில் எழும்பிப் போய்ப் பார்க்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை. இணையத்தில் சிலர் அடுப்புக்குள் பல்பு எரியவிடுகிறார்களாம், சிலர் பாத்திரத்துக்குள் ஒரு மரக்கட்டையை மிதக்க விடுகிறார்களாம். எதை நம்புவது?

மார்க்கம்_மாமி (வியாழன் இரவு)

தம்பி, வடித்துவிடுங்கள். யோசிக்க என்ன இருக்கிறது?

என்னிடம் இருப்பது பின்வளவில் ஐந்து மரமும் ஒரு தட்டையான பாத்திரமும்தான். இரவு வந்தால் கொதித்ததை ஒரு சட்டியில் ஊற்றி ஃப்ரிஜ்ஜில் வைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து கராஜில் வைத்துவிடுவேன். உங்களுடைய பெரிய சாமானைத் தூக்க முடியாது என்று தெரியும். ஆனால் வாளி இருக்கிறதுதானே?

வெல்டர்_அண்ணை (வெள்ளி அதிகாலை)

தம்பி, நான் பாணி காய்ச்சுகிற ஆள் இல்லை. பீட்டர்பரோ பக்கம் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் சீசன் முடிய, இந்தப் பாத்திரங்கள் வரிசையாக என் கடைக்கு வரும். அதனால் எது எங்கே உடைகிறது என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் நீட்டாகவே எழுதுகிறேன்.

முதலில், குளிர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எல்லோரும் பாத்திரத்தின் மேலே கம்பளத்தைப் போட்டு மூடுகிறார்கள். போடட்டும், பிழையில்லை. ஆனால் குளிர் வருவது கீழாலே. தீ அணைந்த பிறகும் புகைபோக்கி இழுத்துக்கொண்டுதான் இருக்கும். அடுப்புக் கதவு இடுக்கால் மைனஸ் 18 காற்று உள்ளே போய், ஃப்ளூக்களை உரசிக்கொண்டு மேலே போகும். ஃப்ளூ எதற்கு இருக்கிறது? நெருப்பின் சூட்டைக் கூடிய அளவு வாங்குவதற்கு. அதே பரப்பு, நெருப்பு இல்லாத நேரம் சூட்டை வெளியே கொடுத்துவிடும். ஆகவே தட்டையான பாத்திரத்தை விட ஃப்ளூ உள்ள பின் பாத்திரம் சீக்கிரம் உறையும். அதிலும் ட்ராப் ஃப்ளூவில் சாறு அடுப்புக்குள்ளேயே தொங்கிக்கொண்டு நிற்கிறது.

தண்ணீர் உறைந்தால் கன அளவு 9 சதவீதம் கூடும். பரந்த பாத்திரத்தில் ஐஸ் மேலே எழும்ப இடம் இருக்கிறது. ஃப்ளூ என்பது ஒடுக்கமான வாய்க்கால். மேலே ஒரு மூடி மாதிரி உறைந்துவிட்டால், கீழே இருப்பது உறையும்போது பக்கவாட்டில்தான் தள்ளும். தகடு 22 கேஜ், ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அது உடனே கிழியாது, வீங்கும். இரண்டு பக்கத்து ஃப்ளூக்களும் வீங்கி ஒன்றையொன்று முட்டினால் இடையில் நெருப்பு போக வழி இல்லை. ஒருவர் போன வருடம் "முன்பு போல் கொதிக்குதில்லை அண்ணை, விறகு சரியில்லைப் போல" என்று சொல்லிக்கொண்டு வந்தார். திருப்பிப் பார்த்தால் பாதி ஃப்ளூ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கிழிவது எங்கே என்றால், ஃப்ளூவின் இரண்டு நுனி வெல்டிங்கிலும், வடிகுழாய் பொருத்தின இடத்திலும். தகட்டின் நடுவில் கிழிந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த மிதக்கும் கட்டை விஷயம்: மாட்டுத் தொட்டிக்குச் சரிவரலாம். உங்களுக்கு ஆபத்து ஃப்ளூவுக்குள். கட்டை மிதப்பது அதற்கு மேலே. பிரயோசனம் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். என் கடைக்கு வருவதில் ஐஸ் உடைத்த பாத்திரத்தை விட, விடியற்காலையில் தீ மூட்டி எரித்த பாத்திரம்தான் அதிகம். நடப்பது இப்படி: இரவு பாத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அடியில் கொஞ்சம் சூடு இருந்தது. ஆனால் சாறுத் தாங்கியிலிருந்து வரும் குழாய் உறைந்துவிட்டது, அல்லது மட்டம் இறங்க இறங்கப் புதுச்சாறு திறந்துவிடும் மிதவைப் பெட்டியில் மிதவை ஐஸில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆள் வருகிறார், பாத்திரத்தில் சாறு தெரிகிறது, சந்தோஷமாகத் தீயை மூட்டுகிறார். கொதிக்கிறது, மட்டம் இறங்குகிறது, புதுச்சாறு வரவில்லை. இவர் வெளியே விறகு அள்ளிக்கொண்டு நிற்கிறார். உங்கள் அளவு எவாப்பரேட்டர் நன்றாக எரிந்தால் மணிக்கு 90 லீற்றர் மட்டில் ஆவியாக்கும். ஃப்ளூவுக்கு மேலே நிற்கிற இரண்டு அங்குலம் போக எவ்வளவு நேரம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அப்புறம் முன் பாத்திரத்தில் இனிப்புக் கருகி, தகடு நீலமாகி வளைந்துபோகும். வளைந்ததை நான் நிமிர்த்தித் தரலாம், ஆனால் அது ஒரு நாளும் பழையபடி வராது.

எனவே யாராக இருந்தாலும், எந்தக் குளிராக இருந்தாலும், தீக்குச்சியைத் தொடுவதற்கு முன் மிதவையைக் கையால் அமர்த்திப் பாருங்கள். சாறு பாயும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தீ இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்றிரவு மைனஸ் 9, நீங்கள் அங்கேயே நிற்கிறீர்கள், அடுப்புக் கல் இன்னும் சூடாக இருக்கும். இன்றைக்கு வடிக்கத் தேவையில்லை. படுக்கப் போகுமுன் மட்டத்தை இரண்டு அங்குலம் கூட்டிவிடுங்கள், ஏனென்றால் தணல் இருக்கும்வரை வற்றிக்கொண்டே இருக்கும். காற்றுக் கதவை இறுக்கி மூடுங்கள். தணல் இருக்கும்போது புகைபோக்கியை மட்டும் அடைக்கக் கூடாது. கரியமில வாயுவை விடக் கெட்டது கார்பன் மோனாக்சைடு, அதற்கு மணமும் இல்லை. கொட்டிலுக்குள் படுக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கு வேண்டாம்.

ஞாயிறு போகுமுன் எல்லாவற்றையும் வடியுங்கள். மூன்று நாள் ஆள் இல்லாத கொட்டிலில் விறகை அடுக்கிவிட்டுப் போவது, பாத்திரத்தைக் காப்பாற்றக் கொட்டிலைப் பணயம் வைப்பது போன்றது.

கோவை_டு_வெர்மாண்ட் (வெள்ளி காலை)

வெல்டர் அண்ணா சொன்னதோடு கொஞ்சம் கணக்கும் சேர்க்கிறேன், நண்பரே. நான் வெர்மாண்டில் அண்டர்ஹில் பக்கம் இருக்கிறேன். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் ப்ராக்டர் மேப்பிள் ஆய்வு மையம் இருக்கிற அதே மலைச்சரிவு. சீசனில் ஒரு பெரிய சுகர்ஹவுஸில் (பாணி காய்ச்சும் கூடம்) வார இறுதி வேலை பார்க்கிறேன்.

மரத்திலிருந்து வரும் சாறில் சர்க்கரை 2 சதவீதம்தான். அது உறைவது மைனஸ் 0.1 டிகிரியில், அதாவது தண்ணீர் மாதிரியேதான். 30 சதவீதம் ஆகும்போது மைனஸ் இரண்டரை. முழுப் பாணி, 66 பிரிக்ஸ் (அதாவது 66 சதவீதம் சர்க்கரை), மைனஸ் 10க்கும் கீழே போனால்கூடக் கெட்டியான ஐஸாகாது. அதனால் முன் பாத்திரத்தில் உங்களுக்கு வருவது கூழ் மாதிரி ஒன்று, பின் பாத்திரத்தில்தான் பாறை. எங்கள் ஊரில் சிலர், மெம்ப்ரேன் எனும் சவ்வால் தண்ணீரைப் பிரிக்கும் ஆர்ஓ மெஷின் வைத்து 8 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டு, இனி உறையாது என்று தைரியமாக இருக்கிறார்கள். 8 சதவீதத்துக்கு உறைநிலை மைனஸ் அரை டிகிரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று, ஒரு லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் குளிர்விக்க 42 கிலோஜூல் வெளியேறினால் போதும். பூஜ்யத்திலேயே அது ஐஸாக மாற 334 கிலோஜூல் வெளியேற வேண்டும். உங்கள் 80 லிட்டருக்கு ஏழு யூனிட் கரண்டுக்கு மேல் வருகிறது. கொதித்து இறங்கிய பாத்திரம் ஒரே இரவில் அடிவரை உறையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். மூன்று நாள் தொடர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே என்றால் அந்தக் கையிருப்பும் தீர்ந்துவிடும்.

பல்பு கேள்விக்கு: 100 வாட் பல்பு 12 மணி நேரத்தில் கொடுப்பது 1.2 யூனிட். புகைபோக்கியை மூடி, அடுப்பில் சாம்பலும் ஆறிவிட்ட நிலையில், மைனஸ் 4, 5க்கு அது உதவும். மைனஸ் 18க்கு எனக்கு நம்பிக்கை இல்லை. அதுவும் பழைய இழை பல்பாக இருக்க வேண்டும். எல்ஈடி போட்டால் வெளிச்சம் மட்டும்தான் கிடைக்கும்.

ஆர்ஓ வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: பாத்திரத்தை விட முதலில் மெம்ப்ரேனைக் கவனியுங்கள். ஒரு தடவை உறைந்தால் அது குப்பைக்குத்தான். எங்கள் இடத்தில் ஆர்ஓவுக்கு மட்டும் தனியாகச் சூடாக்கிய அறை இருக்கிறது.

லானார்க்_காணி (வெள்ளி மதியம்)

எல்லோருக்கும் நன்றி. காலையில் மிதவையை அமர்த்திப் பார்த்தேன் அண்ணை, ஒட்டித்தான் இருந்தது. வெந்நீர் ஊற்றிய பிறகு விட்டது.

சரி, வடிப்பதென்றே முடிவு. மூன்று கேள்வி. ஒன்று, என் பின் பாத்திரத்தில் வடிகுழாய் ஃப்ளூவுக்கு மேலேதான் இருக்கிறது. வடித்த பிறகும் ஒவ்வொரு ஃப்ளூவிலும் ஆறு அங்குலம் சாறு நிற்கும். அதை எப்படி எடுப்பது? இரண்டு, வடித்த 100 லீற்றரை எங்கே வைப்பது? மூன்று, புதன்கிழமை தொடங்கும்போது என்ன முறை?

மார்க்கம்_மாமி (வெள்ளி மதியம்)

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். உணவுக்குரிய மூடி போட்ட வாளிகள், முக்கால் மட்டும் நிரப்பி, கொட்டிலின் வடக்குப் பக்கம் பனிக்குள் புதைத்துவிடுங்கள். வெயில் படாது. முக்கால் என்று சொன்னது சும்மா இல்லை, வாளியும் வெடிக்கும். இந்தக் குளிரில் ஒன்றும் புளிக்காது. பயப்பட வேண்டியது ஏப்ரலில் சூடு வரும்போதுதான். அப்போது ஓரிரு நாளிலேயே சாறு மங்கலாகி நூல் விடும்.

முன் பாத்திரத்துச் சாறையும் பின் பாத்திரத்துச் சாறையும் கலக்க வேண்டாம். வாளியில் பெரிதாக "முன்", "பின்" என்று எழுதுங்கள். புதன்கிழமை எல்லா வாளியும் ஒன்று போலவே தெரியும்.

வாளியில் மேலே ஐஸ் கட்டினால், மரத்திலிருந்து வந்த பச்சைச் சாறாக இருந்தால் அந்த ஐஸை எடுத்து எறியுங்கள். இனிப்பில் பெரும்பகுதி உறையாத நீரில் தங்கிவிடும், விறகு மிச்சம். இந்த மண்ணின் பூர்வகுடிகள் உலோகப் பாத்திரம் வருவதற்கு முன்பே இப்படி ஐஸை எடுத்தெறிந்து சாறைத் தடிப்பாக்கியிருக்கிறார்கள். வற்றின சாறில் அப்படிச் செய்யாதீர்கள், அந்த ஐஸில் இனிப்பும் சிக்கி நிற்கும்.

வெல்டர்_அண்ணை (வெள்ளி இரவு)

தம்பி, ஃப்ளூவில் நிற்பதை எடுக்க ஈரம் உறிஞ்சும் வாக்குவம் காணும். புதுக் குழாய், புதுத் தொட்டி என்றால் உறிஞ்சினதையும் வாளியில் சேர்க்கலாம். கராஜ் கூட்டின வாக்குவம் என்றால் சேர்க்காதீர்கள். வாக்குவம் இல்லையா, மெல்லிய குழாயை ஃப்ளூவுக்குள் விட்டு சைஃபன் செய்யுங்கள், நேரம் எடுக்கும். கடைசி அரை அங்குலம் நிற்கட்டும், கவலையில்லை. அது உறைந்தாலும் மேலே எழும்ப இடம் இருக்கிறது. நிரம்பி நிற்கும் ஃப்ளூதான் வீங்கும்.

வடித்தாயிற்று என்று போய்விடாதீர்கள். ஆட்கள் மறப்பது சின்னச் சாமான்களை: மிதவைப் பெட்டி, இரண்டு பாத்திரத்தையும் இணைக்கும் குழாய், மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய், தாங்கியிலிருந்து வரும் குழாயின் தாழ்ந்த வளைவு. பால் வால்வுகளை (உள்ளே உருண்டை சுழலும் வகை) முழுக்கத் திறந்தோ முழுக்க மூடியோ விட்டால் உருண்டையைச் சுற்றித் தண்ணீர் தங்கி, வால்வு உடல் வெடிக்கும். பாதி திறந்து விடுங்கள். வெப்பமானியின் கம்பியையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

சாம்பல் முழுக்க ஆறிவிட்டது என்று கையை வைத்துப் பார்த்த பிறகு, புகைபோக்கியின் மேல் மூடியைப் போட்டு அடுப்புக் கதவையும் சாத்துங்கள். புதன்கிழமை அந்த மூடியைக் கழற்ற மறக்காமல் இருக்க, அடுப்புக் கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.

புதன்: முதலில் தாங்கிக் குழாய், பிறகு மிதவை. "பின்" வாளி பின்னுக்கு, "முன்" வாளி முன்னுக்கு, ஃப்ளூவுக்கு மேலே இரண்டு அங்குலம் நிரம்பட்டும். ஃப்ளூவின் அடியில் ஐஸ் நின்றால் உளியாலோ சுத்தியலாலோ தொடாதீர்கள். மேலே வெதுவெதுப்பான தண்ணீரையோ சாறையோ ஊற்றி, அடியில் சுள்ளி கொஞ்சம் எரித்து, ஐஸ் கழன்று மிதக்கும்வரை பொறுங்கள். ஐஸ் நிற்கும்போது பெரிய தீ போட்டால், ஒரு பக்கம் ஐஸ் தாங்கிக்கொண்டு நிற்க மறுபக்கம் தகடு வெறுமையாகக் காயும். எல்லாம் தண்ணீராகி ஓடத் தொடங்கிய பிறகு விறகைப் போடுங்கள். போட்டபின் ஒரு தடவை குனிந்து அடுப்புக்குள் பாருங்கள். சொட்டுச் சத்தமும் ஃப்ளூவின் வெளிப்பக்கம் வெள்ளைக் கோடும் தெரிந்தால் எங்கேயோ கீறல்.

முன் பாத்திரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் எனக்கு உறுத்துகிறது. 1990களின் நடுப்பகுதிக்கு முன் செய்த பாத்திரங்கள் பலவற்றில் பற்றவைப்பு ஈயம் கலந்தது. ஈயப்பற்று 183 பாகையிலேயே இளக ஆரம்பிக்கும். சாறு வற்றி வெறும் பாத்திரமானால் இணைப்பு வழிந்துவிடும். அதை விட முக்கியம், இனிப்புச் சாறு அதில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு ஈயம் கரையும். குளிரோ சூடோ, அதற்குள் ஓர் இரவுகூட ஒன்றும் நிற்க விடாதீர்கள். இன்றைக்கு வடிக்கத் தேவையில்லை என்று காலையில் சொன்னதை முன் பாத்திரத்துக்கு விட்டுவிடுங்கள், இன்றிரவே முன்னுக்கு இருப்பதை வடித்துவிடுங்கள். ஹார்ட்வேர் கடையில் ஈயம் பார்க்கும் குச்சி விற்கிறார்கள், தேய்த்தால் நிறம் மாறும். அப்படி ஈயம்தான் என்று தெரிந்தால், அதைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொண்டு வராதீர்கள். இரண்டுக்கு இரண்டு அடி என்றால் புதிதாகவே 304 ஸ்டெயின்லெஸ் தகட்டில் செய்து தரலாம். தடுப்புச் சுவர் எத்தனை, பாணி இறக்கும் குழாய் எந்தப் பக்கம் என்று அளந்து எழுதுங்கள்.

லானார்க்_காணி (வெள்ளி இரவு)

முன் பாத்திரத்தை இப்போதே வடிக்கப் போகிறேன். தடுப்பு இரண்டு, குழாய் வலப்பக்கம். அளவை ஞாயிறு காலை எடுத்துப் போடுகிறேன் அண்ணை.